கழிவுநீர்க் குளங்களில் அம்மோனியாவைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிவுநீரைக் குளங்களில் தேக்கிச் சுத்திகரிக்கும் நிலையங்களில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு) இறங்கிவிட்டது, நாற்றமும் அடங்கிவிட்டது, இந்த அம்மோனியா மட்டும் படுத்துகிறது என்று சொல்லிக்கொண்டுதான் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள். அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதிவைக்கிறேன். எந்தப் பதிலைச் சொல்லும்போதும் என் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: உள்ளே வந்த நைட்ரஜன் எங்கே போனது? வெளிவாயிலில் எண் குறைந்திருப்பதை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டால், மூன்று மாதம் கழித்து அதே நைட்ரஜன் வேறு வேடத்தில் திரும்பி வரும்.

கழிவுநீரில் அம்மோனியா எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி சிறுநீரில் உள்ள யூரியாவிலிருந்து. சாக்கடைக் குழாயில் ஓடி வரும்போதே பாக்டீரியாக்களின் யூரியேஸ் நொதி யூரியாவை அம்மோனியாவாக உடைத்துவிடும். மீதி புரதத்திலிருந்து மெதுவாக வரும். வீட்டுக் கழிவுநீரில் அம்மோனியா-நைட்ரஜன் பொதுவாக லிட்டருக்கு 20 முதல் 50 மில்லிகிராம் வரை இருக்கும். கால்நடைப் பண்ணைக் கழிவுநீர், குப்பைமேட்டிலிருந்து கசியும் நீர் போன்றவற்றில் இது பல நூறைத் தாண்டும். அந்த மாதிரி நீருக்கு இங்கே சொல்லும் எண்களை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

அதை ஏன் நீக்க வேண்டும்? இயற்கையான பொருள்தானே?

இயற்கையான பொருள்தான், ஆனால் ஆற்றில் மீன் இருக்கிறதே. தண்ணீரில் அம்மோனியா இரண்டு உருவத்தில் இருக்கும். ஒன்று அம்மோனியம் அயனி, இது அவ்வளவாகத் தீங்கு செய்யாது. இன்னொன்று கட்டற்ற அம்மோனியா. இது மீனின் செவுள் வழியாக நேராக உள்ளே போய்விடும். மென்மையான மீன் இனங்களுக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் சில பங்கு இருந்தாலே தொல்லைதான்.

எந்த உருவம் எவ்வளவு என்பதை, நீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்ணான பிஎச் தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் கட்டற்ற அம்மோனியா மொத்தத்தில் அரை சதவீதத்தைச் சற்றே தாண்டும். பிஎச் 8 இல் 5 சதவீதம், 9 இல் 36 சதவீதம், 9.25 இல் சரிபாதி. வெளிவாயிலில் மொத்த அம்மோனியா-நைட்ரஜன் 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் பிஎச் 7.5 ஆக இருக்கும்போது அதில் கட்டற்றது 0.17. மதியம் பிஎச் 9 ஆகும்போது 3.6. நீர் அதே நீர்தான், நஞ்சு மட்டும் 20 மடங்கு.

அடுத்தது ஆக்சிஜன். ஒரு கிராம் அம்மோனியா-நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். அந்த மாற்றம் உங்கள் குளத்தில் நடக்கவில்லையென்றால் ஆற்றில் நடக்கும். ஆக்சிஜனும் ஆற்றுக் கணக்கிலிருந்துதான் போகும்.

ஒரு ரிப்போர்ட்டில் அம்மோனியா, இன்னொன்றில் அம்மோனியம், மூன்றாவதில் அம்மோனியா-நைட்ரஜன். எண்கள் ஒத்துவரவில்லையே?

ஆய்வகத்தைச் சந்தேகிக்கும் முன் அலகைப் பாருங்கள். 30 மில்லிகிராம் அம்மோனியா-நைட்ரஜன் என்பதை அம்மோனியாவாக எழுதினால் 36.4, அம்மோனியமாக எழுதினால் 38.6. மூன்றும் ஒன்றுதான். நைட்ரஜனாகவே எழுதும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் நைட்ரைட், நைட்ரேட், பாசியில் உள்ள நைட்ரஜன் எல்லாவற்றையும் ஒரே பேரேட்டில் கூட்டிக் கழிக்க முடியும். கீழே நான் சொல்லும் எண்களும் நைட்ரஜனாகத்தான்.

சரி, குளத்தில் அம்மோனியா எப்படிக் குறைகிறது?

மூன்று வழிகள் உண்டு. வாயுவாகக் காற்றில் கலப்பது, பாசி உண்பது, பாக்டீரியா அதை நைட்ரேட்டாக்கி அங்கிருந்து நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றுவது. இவற்றில் எது பெரியது என்று நிபுணர்களே பல ஆண்டுகள் வாதிட்டிருக்கிறார்கள்.

1982 இல் பானோ, மிடில்புரூக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட வாய்பாடுகள் இன்றும் வடிவமைப்பில் பயன்படுகின்றன. வெப்பம், பிஎச், நீர்ப்பரப்பு, நீரோட்டம் ஆகியவற்றைப் போட்டால் வெளிவாயில் அம்மோனியா எவ்வளவு இருக்கும் என்று அவை சொல்லும். அம்மோனியா காற்றில் போகிறது என்பதே அவற்றின் அடிப்படை எண்ணம். பிஎச் ஏறினால் அம்மோனியா குறைவதைக் கண்ணால் பார்க்கிறோம் என்பதால், பலரும் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் இங்கிலாந்தின் எஷோல்ட்டில் உள்ள சோதனைக் குளங்களில் ஆய்வாளர்கள் கமார்கோ வலேரோவும் டங்கன் மாராவும் வெளியேறும் அம்மோனியா வாயுவை நேரடியாகப் பிடித்து அளந்தார்கள். 2007 இல் வெளியான அந்த முடிவின்படி, கிருமிகளைக் குறைக்கக் கடைசியில் வரும் முதிர்வுக் குளத்தில் நீங்கிய நைட்ரஜனில் காற்றில் போனது மிகச் சிறிய பங்குதான். நைட்ரஜன்-15 என்ற அடையாள ஐசோடோப்பைக் குளத்தில் விட்டுத் தேடியபோது அது பாசியின் உடலில் இருந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. அம்மோனியா தண்ணீரில் அபாரமாகக் கரையும் வாயு. அசையாத நீர்ப்பரப்பிலிருந்து அதைக் காற்றுக்கு விரட்டுவது சுலபமில்லை. பிஎச் உயர்வதும் மேல் அடுக்கில் சில மணி நேரம் மட்டுமே. அந்த பிஎச்சை உயர்த்துவதே பாசிதான், அதே நேரத்தில் அது அம்மோனியாவையும் தின்றுகொண்டிருக்கிறது. அப்படியானால் பழைய வாய்பாடு ஏன் ஓரளவு சரியாக வருகிறது? வெப்பம், பிஎச், தேங்கும் காலம் மூன்றும் பாசி வளர்ச்சியையும் காட்டும் அளவுகள் என்பதால்தான். விடை வரும், விளக்கம்தான் வேறு. அதனால் வாய்பாட்டைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் 'காற்றில் போய்விட்டது' என்று எழுதிக் கணக்கை மூடவும் வேண்டாம்.

பிஎச்சை ஏன் இரண்டு நேரத்தில் பார்க்கச் சொல்கிறீர்கள்?

விடியற்காலையில் ஒரு முறையும், பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஒரு முறையும் அதே இடத்தில் மீட்டரை இறக்கிப் பாருங்கள். நல்ல குளத்தில் காலையில் 7.6 இருந்தது பிற்பகலில் 9.3 காட்டும். காலையில் ஒன்றோ இரண்டோ மில்லிகிராமாக இருந்த ஆக்சிஜன் பிற்பகலில் 15க்கு மேல் போயிருக்கும். மேற்பரப்பில் விரல் நுனி அளவு பச்சைக் கொத்துகள் காற்றுக்குமிழியைச் சுமந்தபடி மிதக்கும். பாசி கார்பன் டை ஆக்சைடை இழுத்து முடித்து, பைகார்பனேட்டிலிருந்து கார்பனைப் பிடுங்கத் தொடங்கியதன் அடையாளம் இது. காலைக்கும் மாலைக்கும் வித்தியாசமே இல்லை என்றால் பாசி வேலை செய்யவில்லை. அம்மோனியா ரிப்போர்ட் வருவதற்கு ஒரு வாரம் முன்பே இந்த இரண்டு எண்களும் அதைச் சொல்லிவிடும். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான பரிசோதனை கிடையாது.

முதல் குளத்தைத் தாண்டியதும் அம்மோனியா கூடிவிட்டது. குளம் கெட்டுவிட்டதா?

இல்லை. முதல் குளம் இரண்டு முதல் ஐந்து மீட்டர் ஆழமுள்ள காற்றில்லாக் குளம் என்றால் அம்மோனியா கூடத்தான் வேண்டும். அங்கே புரதம் உடைந்து அம்மோனியா வெளியே வருகிறது, அதைத் தின்ன யாரும் இல்லை. உள்ளே 28, வெளியே 34 என்றால் அந்தக் குளம் ஒழுங்காகச் செரிக்கிறது என்று அர்த்தம். அதன் வேலை பிஓடியைக் குறைப்பது.

பாசி தின்றுவிட்டது என்றால் பிரச்சினை தீர்ந்ததுதானே?

தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. பெர்க்லியில் பாசிக் குளங்களை ஆராய்ந்த வில்லியம் ஆஸ்வால்ட் பயன்படுத்திய பாசி வாய்பாட்டின்படி, உலர் பாசியின் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் நைட்ரஜன். லிட்டருக்கு 30 மில்லிகிராம் அம்மோனியாவைப் பாசி மட்டுமே விழுங்குவதாக வைத்தால், அதே லிட்டரில் 320 மில்லிகிராமுக்கு மேல் உலர் பாசி உருவாக வேண்டும். கெட்டியான பச்சைக் கஞ்சி மாதிரி இருக்கும். குளத்தில் அவ்வளவு பாசி ஒரே நேரத்தில் நிற்பதில்லை. ஒரு பகுதி செத்து அடியில் படிகிறது, ஒரு பகுதி வெளிவாயில் வழியே போகிறது.

வெளியே போகும் பாசியின் நைட்ரஜன் அம்மோனியா பரிசோதனையில் தெரியாது. கெல்டால் நைட்ரஜன், அதாவது அம்மோனியாவும் கரிமப் பொருளில் உள்ள நைட்ரஜனும் சேர்ந்த அளவைப் பார்த்தால்தான் தெரியும். அதையும் சாம்பிளை வடிகட்டாமல் ஒரு முறை, வடிகட்டி ஒரு முறை பார்க்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாசியின் பங்கு. அம்மோனியா 3, வடிகட்டாத கெல்டால் நைட்ரஜன் 18 என்று வந்தால், 15 மில்லிகிராம் உருமாறி ஆற்றுக்குப் போகிறது. அங்கே பாசி செத்ததும் மறுபடி அம்மோனியாதான்.

செலவில்லாத ஒரு திருத்தம் உண்டு. பகலில் பாசி மேல் அடுக்கில் திரண்டிருக்கும். வெளிவாயிலை நீர்மட்டத்தில் வைக்காமல், தடுப்புத் தகடு பொருத்தி அரை மீட்டருக்கும் கீழிருந்து நீர் எடுத்தால் பாசி வெளியேறுவது நன்றாகவே குறையும்.

ஏரேட்டர் (நீருக்குக் காற்றூட்டும் இயந்திரம்) போட்டோம். ஆக்சிஜன் 3 மில்லிகிராம் நிற்கிறது. ஆனால் அம்மோனியா அசையவில்லை. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். ஏரேட்டர் போட்டால் பாசியின் வழியை விட்டுவிட்டு பாக்டீரியாவின் வழிக்கு வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் அந்த வேலைக்கு நைட்ரிஃபிகேஷன் என்று பெயர். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா போன்ற பாக்டீரியாக்கள் அதைச் செய்கின்றன. பிஓடியைத் தின்னும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு நல்ல சூழலிலேயே ஒரு நாள் வாக்கில் ஆகும். இந்த மந்தமான வளர்ச்சியை மனதில் வைத்துக்கொண்டு நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன்.

முதலில் பிஓடி. கரைந்த பிஓடி 20, 30 மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை வேகமாக வளரும் கூட்டம்தான் ஆக்சிஜனையும் இடத்தையும் பிடித்திருக்கும். அதனால் அம்மோனியாவுக்கான ஏரேட்டர் கடைசிக் குளத்தில் இருக்க வேண்டும். முதல் குளத்தில் போட்ட ஏரேட்டர் பிஓடிக்கு உழைத்துக்கொண்டிருக்கும், அதனிடம் அம்மோனியாவைக் குறைக்கச் சொல்லி எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இரண்டாவது, ஒட்டிக்கொள்ள இடம். நைட்ரிஃபிகேஷன் பாக்டீரியாக்களுக்கு ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டி வாழ்வது பிடிக்கும். குளத்தில் அவை கசட்டோடு சேர்ந்து ஆக்சிஜன் இல்லாத அடிக்குப் போய்விடும், இல்லையென்றால் நீரோடு வெளியே போய்விடும். தொட்டியில் காற்றூட்டி பாக்டீரியாக் கசட்டைச் சுழலவிடும் ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் நிலையத்தில் அவற்றைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வசதி உண்டு, குளத்தில் இல்லை. ஏரேட்டர் அருகே தொங்கவிட்ட பிளாஸ்டிக் ஊடகம், வலைத் தடுப்பு, சரளைப் படுகை என எதுவாக இருந்தாலும் ஆக்சிஜனும் பரப்பும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் எண் அசையும்.

மூன்றாவது, அடியில் உள்ள கசடு. அது கிளறப்பட்டால் சல்ஃபைடு மேலே வரும். சல்ஃபைடு இந்த பாக்டீரியாக்களுக்கு விஷம்.

நான்காவது காரத்தன்மை. இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

காரத்தன்மைக்கும் அம்மோனியாவுக்கும் என்ன சம்பந்தம்?

அமிலத்தைத் தாங்கி பிஎச்சைச் சரியவிடாமல் வைக்கும் நீரின் திறன்தான் காரத்தன்மை. நைட்ரிஃபிகேஷன் அமிலத்தை உண்டாக்குகிறது. ஒரு கிராம் அம்மோனியா-நைட்ரஜனுக்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மை கரைந்துபோகும். 30 மில்லிகிராம் அம்மோனியாவுக்கு 214 மில்லிகிராம். உங்கள் நீரில் இருப்பது 200 என்றால் வேலை முடியும் முன்பே பிஎச் சரியும், பாக்டீரியா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். முடிவில் 70 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் எல்லை. அப்படியானால் பற்றாக்குறை ஏறக்குறைய 85. நாளுக்கு 1000 கன மீட்டர் நீருக்கு அது 85 கிலோ. அதை ஈடுசெய்யச் சுத்தமான நீற்றிய சுண்ணாம்பு 63 கிலோ வேண்டும், சோடியம் பைகார்பனேட் என்றால் 143 கிலோ. குளத்தின் பாசி கொஞ்சம் கைகொடுக்கும் என்பதால் நிஜத்தில் இதைவிடக் குறையலாம். எடுத்த எடுப்பில் மூட்டையைக் கொட்டாமல் அளந்து அளந்து சேருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு நிலையத்தில் அம்மோனியா குறையவில்லை என்று இரண்டு ஏரேட்டர் புதிதாக வாங்கிப் போட்டிருந்தார்கள். மின்கட்டணம் ஏறியது, அம்மோனியா 22 இல் நின்றது. வெளிவாயில் நீரின் காரத்தன்மையை அதுவரை யாரும் பார்க்கவேயில்லை. பார்த்தபோது 40, பிஎச் 6.6. குடுவையில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்ட நான், சில சொட்டிலேயே நிறம் மாறியதைப் பார்த்து முதலில் நம்பாமல் மறுபடி செய்தேன். சுண்ணாம்பு சேர்க்கத் தொடங்கி மூன்றாவது வாரம் நைட்ரேட் தலைகாட்டியது. ஏரேட்டருக்குப் போன பணத்தை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. பத்து நிமிடப் பரிசோதனை அது.

எல்லாம் சரிசெய்த பிறகு எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

வாரக்கணக்கில். 1877 இல் பிரான்சில் ஷ்லோசிங்கும் மூன்ட்ஸும் மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியே சாக்கடை நீரைச் சொட்ட விட்டார்கள். முதல் 20 நாள் அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. அப்புறம் நைட்ரேட் வரத் தொடங்கியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அது நின்றுபோனது. இது வேதிவினை மட்டுமல்ல, உயிருள்ள ஏதோ ஒன்றின் வேலை என்பது அப்படித்தான் தெரியவந்தது. வெதுவெதுப்பான நீரில் இன்றும் மூன்று, நான்கு வாரம் தேவைப்படுகிறது. குளிர்ந்த நீரில் இன்னும் கூடுதல். நான்காம் நாள் போன் செய்து 'ஒன்றும் ஆகவில்லையே' என்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாப் பொடி விற்கிறார்களே, வாங்கலாமா?

ஆக்சிஜன், காரத்தன்மை, ஒட்ட இடம் இல்லாத குளத்தில் போட்டால் அவையும் செத்துப்போகும். மூன்றும் இருந்தால் தாமாகவே வந்து சேரும். தொடங்கும் காலத்தில் வேகம் வேண்டுமென்றால், நன்றாக நைட்ரிஃபிகேஷன் நடக்கும் பக்கத்து நிலையத்திலிருந்து ஒரு டேங்கர் கசடு கேட்டு வாங்கி விடுங்கள்.

குளிர்காலத்தில் அம்மோனியா ஏறுகிறது. வெயில் வந்ததும் குறையும் என்று பார்த்தால் அப்போதுதான் உச்சத்துக்குப் போகிறது. இது என்ன?

குளிரில் ஏறுவது புரிகிறது. வெளிச்சம் குறைவு, பாசி மெலிந்துவிடும், தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் நைட்ரிஃபிகேஷன் ஏறத்தாழ ஓய்ந்துவிடும். குளத்துக்குள் விடும் பிஓடி பாரத்தையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். இருநிலைக் குளத்துக்கு, அதாவது மேலே பாசியும் அடியில் காற்றில்லாக் கசடும் உள்ள குளத்துக்கு, மாரா 1987 இல் தந்த வாய்பாட்டின்படி 25 டிகிரியில் ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 350 கிலோ பிஓடி தாங்கும். 20 டிகிரியில் 253 கிலோ, 10 டிகிரியில் 100 கிலோ மட்டுமே. கோடை எண்ணை வைத்து வெட்டிய குளம் குளிரில் மூச்சுத் திணறுவதில் ஆச்சரியம் இல்லை.

வெயில் வந்தபின் ஏறுவதுதான் பலரையும் குழப்புகிறது. குளிர்காலம் முழுக்கப் படிந்த கசடும் செத்த பாசியும் செரிக்காமல் அடியில் காத்திருக்கும். அடிநீர் சூடானதும் எல்லாம் ஒன்றாகச் செரித்து அம்மோனியாவை மேலே விடும். ஒரு குளத்தில் அந்த ஒரு மாதம் உள்ளே வந்ததைவிட வெளியே போன அம்மோனியா அதிகமாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். சாம்பிள் மாறிவிட்டது என்று அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். படகில் போய்க் கசட்டை அளந்தோம். ஒன்றரை மீட்டர் குளத்தில் உள்வாயில் பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் கசடு.

கசட்டை எப்படி அளப்பது?

நீளமான கம்பின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். பூந்துவாலை மாதிரிச் சொரசொரப்பான துணி நல்லது. கம்பை நேராக மெதுவாக இறக்கி, தரை தட்டியதும் ஒரு நிமிடம் அசைக்காமல் பிடித்து, அதேபோல் மெதுவாக எடுங்கள். கசடு இருந்த உயரம்வரை துணி கறுப்பாக இருக்கும், அதற்குமேல் வெறும் ஈரம்தான். டேப் வைத்து அளந்துவிடலாம். ஒரே இடத்தில் அளந்து முடிவுக்கு வராதீர்கள். உள்வாயிலிலிருந்து வெளிவாயில்வரை கட்டம் போட்டுப் பத்துப் பதினைந்து இடம் பாருங்கள். இருவராகப் போங்கள், உயிர்காப்பு மேலாடை இல்லாமல் படகில் ஏற வேண்டாம். காற்றில்லாக் குளத்தில் மூன்றில் ஒரு பங்கு கசடு நிறைந்ததும் தூர்வார ஏற்பாடு செய்யலாம். அகற்றிய கசட்டிலிருந்து வடியும் நீரில் அம்மோனியா மிக அதிகம். அதை மொத்தமாகக் குளத்துக்கே திருப்பிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள்.

வடிவமைப்பின்படி 20 நாள் தேங்க வேண்டும். பிறகும் ஏன் குறையவில்லை?

அந்த 20 நாள் காகிதத்தில் இருக்கிறது. நீர் உண்மையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்த்தீர்களா? கசடு இடத்தை அடைத்திருக்கும். அதற்கு மேல் காற்றும் வெப்ப அடுக்குகளும் நீரைக் குறுக்கு வழியில் தள்ளும். சாயம் விட்டுப் பார்ப்பது துல்லியமானது. எளிமையாகச் செய்ய வேண்டுமென்றால், காற்று குறைவான நாளில் இருபது ஆரஞ்சுப் பழங்களை உள்வாயிலில் விடுங்கள். ஆரஞ்சு முக்கால்வாசி மூழ்கியபடி மிதக்கும் என்பதால் காற்று அதை அதிகம் இழுக்காது, தூரத்திலிருந்தும் நிறம் தெரியும். சில மணி நேரத்திலேயே பாதிப் பழங்கள் வெளிவாயிலை நெருங்கிவிட்டால் விடை கிடைத்துவிட்டது. குளத்தின் அகலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம்வரை நீளும் தடுப்புத் திரைகளை மாற்றி மாற்றிக் கட்டினால் நீர் வளைந்து வளைந்து போகும். திரை வேலிபோல நிற்கும் ஷீட்டாக இருந்தால் போதும், சுவர் தேவையில்லை. பாக்டீரியாவுக்கு ஒட்டிக்கொள்ளும் பரப்பும் கூடவே கிடைக்கும்.

கல் வடிகட்டி வைத்தால் அம்மோனியா குறையுமா?

கல் வடிகட்டி என்பது குளத்து நீர் கடந்துபோகும் கல் படுகை. காற்று ஊட்டாத கல் வடிகட்டி பாசியைப் பிடிக்கும், அம்மோனியாவைக் குறைக்காது. உள்ளே ஆக்சிஜன் இருக்காது, பிடிபட்ட பாசி அழுகி அம்மோனியாவைக் கூட்டவும் செய்யலாம். அடியில் துளைக் குழாய் போட்டுக் காற்று ஊட்டினால் கதையே வேறு. கல்லின் பரப்பும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரிஃபிகேஷன் நன்றாக நடக்கும். எஷோல்ட்டிலேயே இதையும் சோதித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். குளிர் பகுதியில் இடம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.

ஆகாயத்தாமரை வளர்க்கலாமா?

வளர்க்கலாம், ஆனால் வாராவாரம் அறுத்துக் கரையேற்ற ஆள் இருக்கிறார்களா என்று முதலில் சொல்லுங்கள். செடி நைட்ரஜனை உறிஞ்சும், உண்மை. அறுக்காமல் விட்டால் செத்து மூழ்கி எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடும். தவிர, அது வெளிச்சத்தை மறைப்பதால் பாசி சாகும், நீரில் ஆக்சிஜன் போய்விடும். பச்சைப் பொட்டுகளாக மிதக்கும் டக்வீடுக்கும் இதே நிபந்தனைதான்.

குளோரின் போட்டு நீக்கிவிடலாமா?

கடைசி ஓரிரு மில்லிகிராமுக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். கோட்பாட்டளவிலேயே ஒரு கிராம் நைட்ரஜனுக்கு 7.6 கிராம் குளோரின் வேண்டும், நடைமுறையில் இன்னும் கூடும். பாசி நிறைந்த நீரில் இன்னும் மோசம். பெரும்பகுதி அம்மோனியாவை இப்படி நீக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

அம்மோனியா குறைந்து நைட்ரேட் 20 ஆகிவிட்டது. இது வெற்றியா?

மீனைப் பொறுத்தவரை வெற்றிதான். நைட்ரஜன் இன்னும் நீரில்தான் இருக்கிறது. நிலத்தடி நீருக்குப் போகுமென்றால் கவலைப்பட வேண்டும். நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கி முழுவதும் வெளியேற்ற, ஆக்சிஜன் இல்லாத இடமும் பாக்டீரியா உண்ணக் கொஞ்சம் கார்பனும் வேண்டும். நைட்ரேட் உள்ள நீரில் ஒரு பகுதியைப் பம்ப் வைத்து முந்தைய குளத்துக்குத் திருப்பினால் இரண்டும் அங்கே கிடைக்கும். இதில் ஒரு லாபமும் உண்டு. ஒரு கிராம் நைட்ரேட்-நைட்ரஜன் வாயுவாகும்போது 3.57 கிராம் காரத்தன்மை திரும்பக் கிடைக்கும், சுண்ணாம்புச் செலவில் பாதி.

அம்மோனியா இறங்கும் அதே சமயம் வெளிவாயில் பிஓடி உயர்ந்துவிட்டது. எப்படி?

நைட்ரிஃபிகேஷன் தொடங்கிய குளத்து நீரில் அந்த பாக்டீரியாக்களும் இருக்கும். ஐந்து நாள் பிஓடி பாட்டிலுக்குள் அவை மிச்ச அம்மோனியாவைத் தின்று ஆக்சிஜனை இழுக்கும். 5 மில்லிகிராம் அம்மோனியா மிச்சம் இருந்தால் அதனால் மட்டும் பிஓடி 20க்கு மேல் கூடலாம். நைட்ரிஃபிகேஷனைத் தடுக்கும் மருந்தைச் சேர்த்துக் கார்பன் பிஓடியைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னேறிக்கொண்டிருக்கும் குளத்தைக் கெட்டுப்போனது என்று நினைத்து ஏரேட்டரை மாற்றியவர்கள் உண்டு.

சாம்பிள் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எப்போதும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ஆழம். உடனே பரிசோதிக்க முடியாவிட்டால் கந்தக அமிலம் சேர்த்து பிஎச்சை 2க்குக் கீழே கொண்டுவந்து, 4 டிகிரியில் வையுங்கள். பிஎச்சையும் வெப்பத்தையும் மட்டும் கரையிலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள், ஆய்வகம் போய்ச் சேரும்போது அவை மாறிவிடும்.

பச்சையாக இருந்த குளம் இளஞ்சிவப்பாகிவிட்டது.

பாரம் அதிகமாகிவிட்டது. ஆக்சிஜன் தீர்ந்து சல்ஃபைடு மேலே வந்ததும் ஊதா கந்தக பாக்டீரியாக்கள் வளர்வதால் இந்த நிறம். அம்மோனியாவே பாசியை அடக்கிவிடுவதும் உண்டு. 28 மில்லிகிராமுக்கு மேல் அம்மோனியா இருந்து பிஎச்சும் 8ஐத் தாண்டினால் பாசியின் ஒளிச்சேர்க்கை தடைபடும் என்று 1976 ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றே காட்டியிருக்கிறது. அம்மோனியா மிகுந்த நீர் வரும் குளங்களில் கடைசிக் குளத்து நீரைக் கொஞ்சம் முன்னுக்குத் திருப்பி நீர்க்கச் செய்வது உதவும். வரும் பாரத்தைச் சில நாளுக்கு வேறு குளத்துக்கு மாற்ற முடிந்தால் பச்சை தானாகத் திரும்பும்.

நீர் முழுவதும் பாசனத்துக்குத்தான் போகிறது. அப்போதும் நீக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம் என்பேன். 30 மில்லிகிராம் நைட்ரஜன் உள்ள நீரை ஒரு பருவத்தில் 500 மில்லிமீட்டர் பாய்ச்சினால், ஹெக்டேருக்கு 5000 கன மீட்டர் நீரோடு 150 கிலோ நைட்ரஜனும் போய்ச் சேருகிறது. பல பயிர்களுக்கு அதுவே போதுமான உரம். மின்சாரம் செலவழித்து நைட்ரஜனைக் காற்றுக்கு அனுப்பிவிட்டு, பிறகு காசு கொடுத்து யூரியா வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கிருமிகள் குறைய முதிர்வுக் குளம் இருந்தே ஆக வேண்டும், அதைக் கைவிடக் கூடாது. பயிர் முற்றும் காலத்தில் நைட்ரஜன் மிஞ்சினால் தண்டு சாயும், முதிர்ச்சி தள்ளிப்போகும். அப்போது நல்ல நீரைக் கலந்து பாய்ச்ச வழி வேண்டும். பாசனம் இல்லாத மழை மாதங்களில் நீரைத் தேக்கிவைக்க ஒரு குளமும் வேண்டும். அந்தத் தேக்கக் குளத்தின் கொள்ளளவை முதலில் கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம் ஏரேட்டரின் விலையைக் கேளுங்கள்.